மைக்கை அணைத்துவிட்டுப் பேசுவோம்: மகப்பேறு மருத்துவரின் கேள்வி–பதில் பக்கம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர் இல்லாமல் வந்தவை. பெயர் எழுதியிருந்தவர்களும் அதை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்ததால், எல்லாக் கடிதங்களுக்கும் மாவட்டத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேனே தவிர, பொருளை மாற்றவில்லை.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புப் பொறுப்பில் இருக்கிறேன். சென்ற ஆண்டு மகளிர் தினத்தன்று பெண்கள் உடல்நலம் பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம். பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, டாக்டர் ஒருவரை வரவழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னோம். நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் வந்திருந்தார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அதன் பிறகு அந்த விஷயமாக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும் தெரியவில்லை. எங்கே தவறினோம்?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் கூட்டத்தில் இருந்த தவறு அந்த மைக்தான் அம்மா. மாமியாரும் மருமகளும் நாத்தனாரும் ஒரே பாயில் அமர்ந்திருக்க, வார்டு உறுப்பினர் முன்வரிசை நாற்காலியில் இருக்க, ஒலிபெருக்கியின் குரல் தெருமுனை வரை கேட்க, எந்தப் பெண் எழுந்து நின்று தன் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்பாள்? அவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை அறியாமை என்று எண்ண வேண்டாம். தங்கள் மானத்தைத் தாங்களே காத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அரசுப் பணியின் தொடக்கத்தில் நானும் இப்படிப்பட்ட பல கூட்டங்களில் பேசியவள். ஒருமுறை பேசி முடித்து ஜீப்பை நோக்கி நடந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் புளியமரம் வரை என் பின்னாலேயே வந்து, மூன்று ஆண்டுகளாகத் தன் கருப்பை கீழே இறங்கி வெளியே தெரிவதையும், அதைத் துணியால் தாங்கிக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போய் வருவதையும் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார். அத்தனை நேரம் நான் மேடையில் சொன்ன எதுவும் அவருக்குப் பயன்படவில்லை. புளியமரத்தின் மறைவுதான் பயன்பட்டது. அதற்குப் பிறகு நான் மேடைப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, துணை சுகாதார நிலையத்தின் திண்ணையில் உட்காரத் தொடங்கினேன்.

அடுத்த முறை பந்தல் வேண்டாம். பன்னிரண்டு முதல் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். புதிதாகத் திருமணமானவர்கள் ஒரு நாள், நாற்பதைக் கடந்தவர்கள் ஒரு நாள், திருமணமாகாத பெண்பிள்ளைகள் ஒரு நாள் என்று பிரித்துவிடுங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே அமர்வில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள். தனியாக ஒரு நாள் குறித்துக் கூலியை இழக்கச் செய்வதைவிட, மாதாந்தரக் குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கும் கடன் தவணையும் முடிந்த பிறகு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வது நல்லது. உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரையே பேசச் சொல்லுங்கள். எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எப்போது தடுப்பூசி என்பது வரை அறிந்தவர் அவர்; வெளியூர் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்வார்கள். காப்பர்-டியையும் ஆணுறையையும் நாப்கினையும் கையோடு கொண்டுவந்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்லட்டும். படத்தில் பார்த்த காப்பர்-டி இரும்புக் கம்பியாகவும், கையில் வாங்கிப் பார்த்த காப்பர்-டி விரல் நீளத்துக்கும் குறைவான மெல்லிய பொருளாகவும் தெரிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பேசும் சொற்களும் ஊரின் சொற்களாகவே இருக்கட்டும். பாடநூலில் உள்ள நீண்ட கலைச்சொற்களைக் கேட்டுத் தலையாட்டுபவர்கள், ‘தூரமாகும்போது கட்டி கட்டியாகப் போகுதா?’ என்று கேட்டால் உடனே நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருத்தி ‘எங்க அக்கா ஊர்ல ஒருத்திக்கு இப்படி இருக்காம்’ என்று தொடங்கினால், அது அவளுடைய கேள்வி என்று தெரிந்தாலும் அந்த ஒருத்தி யார் என்று விசாரிக்காமல், அக்கா ஊர்க்காரிக்கே பதில் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஓர் அமர்வுக்கு ஒரே பொருள், அதன் முடிவில் ஒரே ஓர் அடுத்த அடி. கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசினால், எந்தக் கிழமை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்த செவிலியரிடம் பரிசோதனை என்பதைச் சொல்லி, வர விரும்பும் எட்டுப் பேருக்குக் குழுச் செலவில் இரண்டு ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்துவிட்டே அமர்வை முடியுங்கள். பந்தலுக்கும் மைக்குக்கும் செலவழித்த பணம் அதற்குத் தாராளமாகப் போதும். ஒருத்தி தனியாகப் போனால் ‘எதுக்குப் போறா?’ என்று தெரு கேட்கும். எட்டுப் பேர் சேர்ந்து போனால் கேட்காது.

இன்னும் ஒன்று. இந்தப் பேச்சு என்றாலே நம் பெண்கள் பின்வாங்குவதற்கு ஒரு வரலாறும் உண்டு. பல பத்தாண்டுகளாக இது அவர்களுக்கு ‘கேம்ப்’ என்ற பெயரில், இத்தனை அறுவை சிகிச்சைகளுக்கு ஆள் பிடிக்க வேண்டும் என்ற இலக்கோடுதான் வந்து சேர்ந்தது. 1994-இல் கெய்ரோவில் நடந்த உலக மக்கள்தொகை மாநாடு, எண்ணிக்கையை விட்டுவிட்டு மனிதரின் நலனையும் விருப்பத்தையும் பார்க்க வேண்டும் என்று திசை மாற்றியது. 1996 ஏப்ரலில் இந்திய அரசும் கருத்தடை இலக்குகளைக் கைவிட்டது. ஆனால் ஊரின் நினைவு அவ்வளவு விரைவில் மாறிவிடாது. ‘இவள் எதையோ செய்துகொள்ளச் சொல்லத்தான் வந்திருக்கிறாள்’ என்ற ஐயம் உங்கள் முன்னால் இருப்பவர்களிடம் இருக்கும். ஆகவே முதல் இரண்டு அமர்வுகளில் மட்டும், மேலே சொன்ன ‘அடுத்த அடி’கூட வேண்டாம்; எதையும் செய்துகொள்ளச் சொல்லாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: எனக்கு வயது 43. நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறேன். இரண்டு வருடமாக வெள்ளைப்படுகிறது. உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயமும் மோரும் குடிக்கிறேன். இப்போது வாடையும் அரிப்பும் இருக்கிறது. சில நாள் சேர்ந்திருந்த பிறகு லேசாக ரத்தம் படுகிறது. நர்ஸம்மா ஏதோ கர்ப்பப்பை டெஸ்டுக்கு வரச் சொல்கிறார். கேன்சர் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம் (மகள் எழுதிக் கொடுத்தது)

பதில்: முதலில், இதை மகளிடம் சொல்லி எழுத வைத்தீர்களே, அது பெரிய காரியம். மாதவிடாய்க்கு நடுநாட்களில் வாடையோ அரிப்போ இல்லாமல், முட்டையின் வெள்ளைக்கருபோல வரும் கசிவு எல்லாப் பெண்களுக்கும் உள்ள இயல்பு. அதற்கு மருந்து தேவையில்லை. வாடையும் அரிப்பும் சேர்ந்தால் அது தொற்று. உடம்புச் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மோர் குடிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் தொற்று அதனால் போகாது. அரசு மருத்துவமனையில் உள்ள சுகவாழ்வு மையத்தில் இதற்கான மாத்திரைகளை விலையின்றிக் கொடுப்பார்கள். சில தொற்றுகளுக்குக் கணவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டியிருக்கும். அப்படிச் சொன்னால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள், இல்லையென்றால் உங்களுக்குக் குணமான நோய் மறுபடியும் அவரிடமிருந்தே வந்து சேரும்.

உறவுக்குப் பின் ரத்தம் படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே நர்ஸம்மா சொன்ன பரிசோதனையை இந்த வாரமே செய்துகொள்ளச் சொல்கிறேன். தொற்றினாலும் அப்படி வரலாம்; கருப்பைவாயில் ஏற்படும் மாற்றத்தாலும் வரலாம். எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். மருத்துவரைப் பார்த்தவுடன் இந்த ரத்தக் கசிவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வெள்ளைப்படுதலை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

பரிசோதனை இதுதான்: கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார்கள். மாறுதல் அடைந்த இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. லேசான எரிச்சல் சிலருக்கு இருக்கும். மாதவிடாய் இல்லாத நாளில் போக வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அதுவே புற்றுநோய் என்று பொருளல்ல; பெரிய மருத்துவமனையில் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவையானால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். மனிதப் பாப்பிலோமா வைரஸ் தொற்றிலிருந்து புற்றுநோய் வர பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தில் பிடித்துவிட்டால் மாறுபட்ட திசுவை மட்டும் அகற்றிவிடலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை.

இந்த எளிய பரிசோதனை உயிர் காக்கிறது என்று முதன்முதலில் உறுதியாக நிரூபித்துக் காட்டியதே நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள்தான். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஆய்வில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் பங்கேற்றார்கள், செவிலியர்கள் பரிசோதித்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிடக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. உங்களைப்போல வயல் வேலைக்குப் போன பெண்கள் பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வந்ததால்தான் உலகமே அதை அறிந்துகொண்டது. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர்தான் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

இதை எழுதிக் கொடுத்த மகளுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன பாப்பிலோமா வைரஸுக்கு எதிரான தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொண்டால் மிக நன்றாக வேலை செய்யும். அந்த வயதைக் கடந்த இளம்பெண்களும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் தங்கை இருந்தால் அவளுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொன்று முடியப் போகிறது. வயதுக்கு வருவதைப் பற்றி முன்கூட்டியே சொல்லலாமா, சொன்னால் பயந்துவிடுவாளா? என் மாமியார், வீட்டுக்கு வெளியே குச்சு கட்டித்தான் உட்கார வைக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: இப்போதே சொல்லிவிடுங்கள். முன்பே அறியாத பெண் முதல் ரத்தத்தைப் பார்த்து, தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று பள்ளிக் கழிப்பறையில் அழுதுகொண்டு நிற்பாள். மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மாதவிடாய் வரும் என்பதால், உடலே உங்களுக்கு நாளைச் சொல்லிவிடும். ஒரே நாளில் உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். தலை பின்னிவிடும்போது, துணி மடிக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள்: கருப்பை ஒவ்வொரு மாதமும் உள்ளே ஒரு மெத்தையை விரிக்கிறது, அது தேவைப்படாதபோது கலைந்து ரத்தமாக வெளியேறுகிறது, அதில் அசுத்தம் எதுவும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் தேதி முன்பின்னாக வருவது இயல்பு. 15 வயதாகியும் வரவில்லை என்றாலோ, 8 வயதுக்கு முன்பே வந்துவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாப்கினை எப்படி வைப்பது, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படி மாற்றுவது, காகிதத்தில் எப்படிச் சுற்றிப் போடுவது என்பதைச் செய்து காட்டுங்கள். பள்ளிப் பையில் ஒன்றை எப்போதும் வைத்திருக்கச் சொல்லுங்கள். அரசின் ‘புதுயுகம்’ திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் விலையின்றிக் கிடைக்கிறது. பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கேட்டு வாங்குங்கள். துணிதான் பழக்கம் என்றால் அதிலும் தவறில்லை. ஆனால் அதைச் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இருட்டு மூலையில் ஈரமாக ஒளித்து வைப்பதில்தான் கேடு இருக்கிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்பதையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது.

குச்சு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், உங்கள் மாவட்டத்திலேயே பட்டுக்கோட்டைப் பகுதியில், வயதுக்கு வந்ததற்காகக் குடிசையில் தனியே தங்க வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் சாய்ந்து விழுந்து உயிரிழந்தாள். உங்கள் மாமியாருக்கும் அது நினைவிருக்கும். அவரோடு வாதாட வேண்டாம். அந்தப் பிள்ளையை நினைவூட்டுங்கள். மஞ்சள் நீராட்டும், உளுந்தங்களியும், நல்லெண்ணெயும், தாய்மாமன் சீரும் அவருக்கு முக்கியம் என்றால், அவற்றை எல்லாம் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். பேத்திக்குக் களி கிண்டிக் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

வீட்டில் மகன் இருந்தால் அவனுக்கும் சொல்லுங்கள். அக்காவுக்கு வயிறு வலிக்கும் நாளில் வெந்நீர் வைத்துக் கொடுக்கும் தம்பி, பின்னாளில் நல்ல கணவனாக இருப்பான்.

கேள்வி: எனக்கு வயது 23. பனியன் கம்பெனியில் வேலை. இரவில் தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. சுய இன்பப் பழக்கமும் உண்டு. டிவியில் பேசிய வைத்தியரைப் பார்க்க ஒரு லாட்ஜுக்குப் போனேன். நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது, இப்படியே விட்டால் கல்யாணத்துக்குத் தகுதியில்லை என்று சொல்லி இரண்டு தவணையில் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். இன்னும் ஒரு கோர்ஸ் சாப்பிட வேண்டுமாம். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். தூக்கமே வரவில்லை.
– வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: தம்பி, உங்களுக்கு எந்த நோயும் இல்லை. அந்த மூன்றாவது தவணையைக் கொடுக்காதீர்கள்.

விந்து ரத்தத்திலிருந்து உருவாவதில்லை. இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து என்ற கணக்குக்கு உடலியலில் எந்த ஆதாரமும் கிடையாது. விரைகள் நாள்தோறும் விந்தணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. வாயில் எச்சில் ஊறுவதைப்போல அதுவும் ஓர் ஊற்று. தூக்கத்தில் வெளியேறினாலும் விழித்திருக்கும்போது வெளியேற்றினாலும் அதனால் நரம்பு தளராது, எலும்பு உருகாது, பிள்ளை பிறக்காமல் போகாது. தாது நஷ்டம் என்று அஞ்சி, அந்த அச்சத்தாலேயே உடல் சோர்ந்து வரும் இளைஞர்களை மனநல மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் அதற்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அந்த அச்சமும் அந்த 18,000 ரூபாயும்தான்.

ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. பெயர் மாற்றி, நள்ளிரவு நிகழ்ச்சியாக்கி, அது இன்னும் நடக்கிறது. இதைச் சித்த மருத்துவத்தின் மேல் ஏற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு பயமுறுத்துபவர்களால் அவர்களுக்குத்தான் முதல் அவமானம்.

எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீர்க் குழாயிலிருந்து சீழ் வந்தால், எரிச்சல் இருந்தால், ஆணுறுப்பில் புண் வந்தால், அரை இடுக்கில் நெறி கட்டினால் சுகவாழ்வு மையத்துக்குச் செல்லுங்கள். விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கூச்சப்பட்டுக் காலைவரை காத்திருந்து விரையை இழந்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அறையில் உடன் தங்கியிருப்பவர்களிலும் இரண்டு பேருக்காவது இதே அச்சம் இருக்கும். இந்தப் பக்கத்தை அவர்கள் பார்க்கும்படி மேசைமேல் வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். போதும் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டாவது பிரசவம் சிசேரியன் என்பதால் மனைவி உடல் தேறாமல் இருக்கிறாள். ஆகவே ஆபரேஷனை நானே செய்துகொள்கிறேன் என்றேன். நான் லோடுமேன் வேலை செய்பவன். மூட்டை தூக்க முடியாமல் போய்விடும், ஆண்மையும் போய்விடும் என்று அம்மா அழுகிறார். நண்பர்களும் கேலி செய்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்; மகிழ்ச்சியால்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சையைப் பெண் செய்துகொண்ட தம்பதியர் 100-க்கு 38. ஆண் செய்துகொண்டவர்கள் 1000-க்கு 3. எளிதான அறுவை சிகிச்சை ஆணுடையது, அதைத் தாங்குபவள் மட்டும் பெண்.

ஆணுக்குச் செய்வது தழும்பற்ற முறை. விரைப்பையின் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, கத்தி வைக்காமல் சிறு துளை வழியாக விந்துக்குழாயை எடுத்துத் துண்டித்துக் கட்டிவிடுவார்கள். பதினைந்து இருபது நிமிட வேலை, தையல் இல்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்ணுக்கோ வயிற்றைத் திறந்தாக வேண்டும். ஆண் தன்மைக்குரிய ஹார்மோன் ரத்தத்தின் வழியாகப் போகிறது. அந்தக் குழாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே ஆசையும் விறைப்பும் மீசையும் குரலும் உடல் வலுவும் முன்பிருந்தபடியே இருக்கும். வெளியேறும் விந்தின் அளவில்கூட உங்களுக்கு வேறுபாடு தெரியாது. அதில் விந்தணு மட்டும் இருக்காது.

இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு சாதாரண வேலைகளைச் செய்யலாம். மூட்டை தூக்குவதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் ஒரு வாரம் பொறுங்கள்; உங்கள் வேலைக்கு அந்த ஒரு வாரக் கூலியை முன்பே ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றை மறக்கவே கூடாது: அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்தே பாதுகாப்பு வந்துவிடாது. குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் விட்டு, பின்னர் மனைவி கருவுற்று, அவள்மேல் பழி சுமத்திய ஒரு வீட்டை நான் அறிவேன். தவறு அவளுடையது அல்ல என்று அந்தக் குடும்பத்துக்குப் புரிய வைக்க எனக்குப் பல நாட்கள் ஆயின.

உங்கள் அம்மாவின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில், ஆண்களுக்கான அறுவை சிகிச்சையை ஊக்கத்தொகை கொடுத்து முன்னோடியாகப் பரப்பியது நம் சென்னை மாநிலம்தான். அப்போது ஆண்கள் வந்தார்கள். பிறகு நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இது செய்யப்பட்டது. பலருக்கு வற்புறுத்தியும் மிரட்டியும். அந்தக் காயத்தோடு ஆண்கள் இதைவிட்டு விலகினார்கள். சுமை முழுவதும் பெண்மேல் விழுந்தது. அம்மாவை ஒருநாள் செவிலியரிடம் அழைத்துச் சென்று நேரில் கேட்க வையுங்கள். முடிவு உங்கள் இருவருடையது, கையெழுத்து உங்களுடையது.

மனைவியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதே நிரந்தரமாக வேண்டாம் என்று இருவருக்கும் தோன்றினால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிடும் ‘சாயா’ மாத்திரை, பத்து ஆண்டு வரை பலன் தரும் காப்பர்-டி ஆகியவை அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றன.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்பில் மனித இனப்பெருக்கப் பகுதி வந்தால் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று கடந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. இந்த ஆண்டு நடத்த நினைக்கிறேன். பெற்றோர் எதிர்ப்பார்களோ?
– வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நடத்துங்கள். பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் முன்கூட்டியே பாடநூலைத் திறந்து காட்டி, எதை நடத்தப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்; மறைவாகச் செய்தால்தான் எதிர்ப்பு வரும். மாணவரையும் மாணவியரையும் சேர்த்து உட்கார வைத்தே பாடத்தை நடத்தி, கேள்விக்கு மட்டும் ஒரு பெட்டி வையுங்கள். எல்லோரும் ஒரு சீட்டைப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர் ‘கேள்வி இல்லை’ என்று எழுதிப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டால், எழுதியவர் யார் என்று தெரியாது. கையெழுத்தை ஆராயாதீர்கள்.

அந்தச் சீட்டுகளில் ஒன்றில், யாரோ தன்னைத் தொடுவதாக ஒரு பிள்ளை எழுதியிருக்கக்கூடும். அதற்கு மனத்தளவில் தயாராக இருங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் உதவி கேட்கலாம். கருவுற்ற சிறுமியைப் பெற்றோர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அஞ்சினால், அவளும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மறைவான இடத்தில் தகுதியற்றவர் கையில் அவளை ஒப்படைப்பதிலிருந்து அது காப்பாற்றும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். சுகாதாரத் தன்னார்வலர் என்ற முறையில், ஊர் நலனுக்காக அது யார் என்று செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: கேட்கக் கூடாது, செவிலியரும் சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அந்த இரகசியத்தைப் பாதுகாக்கிறது. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தபோது மருந்து கிடையாது. இன்று நாள்தோறும் கூட்டுமருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவின் மூலம்கூட அது பரவாது. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பதாலோ, ஒரே கடையில் தேநீர் குடிப்பதாலோ எக்காலத்திலும் பரவியதில்லை. அவர் யார் என்று ஊருக்குத் தெரிந்தால், அவர் மருந்து வாங்கப் போவதை நிறுத்திவிடுவார். ஊருக்கு உண்மையான ஆபத்து அப்போதுதான் வரும்.

தன்னார்வலராக நீங்கள் செய்யக்கூடியது வேறு. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை விலையின்றி, இரகசியமாகச் செய்யப்படும் என்பதையும், 1097 என்ற எண்ணில் பெயர் சொல்லாமலே ஐயம் கேட்கலாம் என்பதையும் தேநீர்க் கடைப் பலகையிலும் முடிதிருத்தகக் கண்ணாடியின் ஓரத்திலும் எழுதி ஒட்டுங்கள். நீங்களே முதலில் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்து, ‘நான் போய் வந்தேன், பத்து நிமிடம்தான் ஆனது’ என்று நண்பர்களிடம் சொல்லுங்கள்.